படத்தைக் கேட்டு வாங்கிய பட்டணம்: பினாங்கில் ‘சாப்பு’ வளர்ந்த வரலாறு

பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் 1786-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே, ஒருவர் பேசுவது மற்றவர்க்கு விளங்காத கடைத்தெரு ஒன்று ஜார்ஜ் டவுனில் உருவாகிவிட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர் சூலியாத் தெருவில் குடியேறினர்; ஹொக்கியன் சீனர் கடற்கரைத் தெருவைச் சார்ந்து கடை வைத்தனர்; கெடா மலாய்க்காரரும் அச்சேயரும் படகுகளில் சரக்குக் கொணர்ந்தனர்; பின்னர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பினாங்குத் தெருவில் கிட்டங்கி அமைத்தனர். இத்தனை பேருக்கும் பொதுவாக வாய்த்தது சந்தை மலாய் ஒன்றே. பொதுவான எழுத்து எதுவும் இல்லை. தமிழும், சீனமும், அரபு வரிவடிவில் எழுதிய ஜாவியும், ஆங்கிலமும் ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பெயர்ப்பலகைகளாய்த் தொங்கின. அவற்றுள் ஒன்றையேனும் படிக்க வல்லோர் வாங்க வந்தவர்களுள் சிலரே.

இத்தகைய ஊரில், ஒருமுறை வாங்கி மனநிறைவு பெற்ற பொருளையே மறுமுறையும் வாங்க விரும்புபவன் அதனை எவ்வாறு அடையாளம் காண்பான்? கடைக்காரனிடம் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பான்? இவ்வினாக்களுக்கு விடையாக அமைந்ததே ‘சாப்பு’ என்பது. யானை சாப்பு, புலி சாப்பு, கோடரி சாப்பு என்று சொல்லிப் பொருள் வாங்கும் வழக்கம் மலாயாத் தமிழரிடையே தலைமுறை தலைமுறையாக வேரூன்றியது. நிறுவனங்கள் தம் பெயரை மக்கள் மனத்தில் நிலைநாட்டிய கதையை இக்காலத்தில் விளம்பரக் கலையின் வெற்றியாக எழுதுகின்றனர். பினாங்கின் வரலாற்றை நோக்குவோமாயின், எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் கண்ணால் கண்டதற்குத் தம் நாவால் இட்ட பெயர்களே அவ்வெற்றியின் அடித்தளம் என்பது புலப்படும்.

சொல்லின் வழி

‘சாப்பு’ என்பது இந்துஸ்தானியில் முத்திரையைக் குறிக்கும் ‘சாப்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘சாப்பா’ என்னும் வடிவிலும் அது வழங்கியது. கப்பல் வழியே மலாய் மொழியுள் புகுந்து ‘சாப்’ எனவே நின்றது. ஆங்கிலேயர் வாயில் ‘சோப்’ என்றாயிற்று. சீனக் கடைகளின் பெயருக்கு முன் அச்சொல்லைச் சேர்த்து எழுதுவது நீரிணைக் குடியேற்ற நாடுகளில் நெடுங்கால மரபு. மலாயில் கைரேகையைச் ‘சாப் ஜாரி’ என்பர். விரல் முத்திரை என்பது அதன் பொருள். சம்பள நாளில் கணக்கேட்டில் பெருவிரலை ஒற்றிய தொழிலாளி, அன்று மாலையே கடைக்குச் சென்று படத்தைச் சொல்லிப் பொருள் வாங்கினான். இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

பொருளின்மேல் குறியிடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதிப் பொதிகள்மீது சோழரின் புலிப்பொறி ஒற்றப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அது அரசின் சுங்க முத்திரை, வணிகனின் குறியன்று. சிலப்பதிகாரம் கூறும் கண்ணெழுத்தோ வணிகர் தம் பெயரையே பொதிமேல் பொறித்ததாகும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வார் உளர். அரசன் இட்ட பொறி, வரி கொடுத்தாயிற்று என்பதற்குச் சான்று. வணிகன் இட்ட எழுத்து, இச்சரக்கிற்குப் பொறுப்பாளி யார் என்பதற்குச் சான்று. பிற்காலச் சாப்பு இரண்டாவதன் வழித்தோன்றல் எனலாம்.

ஊர்ப் பெயரே சாப்பாக மாறியதும் உண்டு. சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டுத் துறையிலிருந்து ஏற்றுமதியான கட்டம்போட்ட கைலியை மலாய் மக்கள் அவ்வூர்ப் பெயராலேயே ‘காயின் பெலிக்காட்’ என்றனர். அத்துறையின் வாணிகம் மங்கிப்போய் நெடுங்காலம் ஆகியும் பெயர் நின்றுவிட்டது. இன்றும் எந்த ஊர்த் தறியில் நெய்தாலும் அக்கைலி பெலிக்காட்டே.

செட்டியார்களின் ‘விலாசம்’ வேறு வகையைச் சேர்ந்தது. பாட்டன், தந்தை, மகன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த சில எழுத்துகளே ஒரு வட்டிக்கடையின் முழு அடையாளம். கடையில் அமர்ந்திருக்கும் முகவர் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறிக்கொண்டே இருப்பார்; விலாசம் மாறாது. அவ்வெழுத்துகள் தாங்கிய உண்டியல் பினாங்கிலும் இரங்கூனிலும் கொழும்பிலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு விலாசம் வாக்குத் தவறினால் அச்செய்தி நகரத்தார் வட்டாரம் முழுதும் பரவிவிடும். ஆதலின் விலாசத்தின் மதிப்பு அதனை அறிந்த சமூகத்தின் கண்காணிப்பில் தங்கியிருந்தது. கடல் கடந்து வந்த தகர டப்பாவுக்கு இத்தகைய கண்காணிப்பு ஏதும் இல்லை என்பதை இங்கே மனத்திற் கொள்ளவேண்டும்.

நீதிமன்றம் ஏறிய யானைகள்

படமே பெயராகிவிட்டால், படத்தைத் திருடுவது பெயரைத் திருடுவதாகும். இவ்வுண்மையை ஆங்கிலச் சட்டம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் கீழ்த்திசை நாடுகளின் கடைத்தெருவே என்பது பலரும் அறியாத செய்தி. ஸ்காட்லாந்தில் செஞ்சாயம் தோய்த்த நூலை ஓர்-யூயிங் என்னும் நிறுவனம் இந்தியாவுக்கும் ஏடனுக்கும் அனுப்பிவந்தது. நூற்கட்டின் சீட்டில் இரண்டு யானைகள் நின்றன. வாங்குவோர் நிறுவனத்தின் பெயரை அறியார். ‘பே ஹாத்தி’, அதாவது இரண்டு யானை, என்றே அந்நூலைக் கேட்டனர். வேறொரு நிறுவனமும் இரண்டு யானைகளைப் போட்டுச் சீட்டு அச்சிட்டது. “எங்கள் பெயர் சீட்டில் தெளிவாக இருக்கிறது, யானைகளின் நிலையும் வேறு” என்பது அதன் வாதம். வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்று 1882-இல் முடிவுற்றது. அப்பெயரைப் படிக்க இயலாதவனே வாங்குபவன். அவன் கண்ணுக்கு யானை இரண்டு என்பதே அடையாளம். ஆகவே இது ஏமாற்றுக்கு இடம் தரும் என்று தீர்ப்பாயிற்று.

எண்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், சிங்கப்பூரிலிருந்து ஒரு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு ஏறியது. ‘ஹேக்ஸ்’ என்னும் இருமல் மிட்டாய் செம்மஞ்சள் நிறத் தாளில் சுற்றி விற்கப்பட்டது. ‘பெக்டோ’ என்னும் வேறு மிட்டாயும் அதே போன்ற தாளில் கடைக்கு வந்தது. தாளில் எழுதியிருந்த பெயர்கள் வேறுவேறு. ஒலியிலும் ஒற்றுமை இல்லை. எனினும் ஆங்கிலம் படிக்க அறியாத மக்கள் கடையில் கேட்டது ‘சிவப்புத் தாள் இருமல் மிட்டாய்’ என்றுதான். 1964-இல் முதல் நிறுவனத்திற்கே வெற்றி கிடைத்தது. இங்கு யானையும் இல்லை, புலியும் இல்லை; வெறும் நிறமே சாப்பாகிவிட்டது. அப்பெயரை நிறுவனம் இடவில்லை, வாங்கியவர்களே இட்டனர், நீதிமன்றம் அதை நிறுவனத்தின் உடைமையாக அறிவித்தது.

புலியும் கோடரியும்

இவ்வுண்மையை நன்குணர்ந்து வாணிகம் செய்தவர்களுள் தலையாயவர் ஆவ் பூன் ஹாவ். இரங்கூனில் தந்தை வைத்திருந்த மருந்துக்கடையைத் தம்பியுடன் சேர்ந்து பெருக்கி, 1926-இல் சிங்கப்பூருக்கு வந்தார். அவர் பெயரின் பொருளே புலி. தைலத்திற்கும் புலியே குறியாயிற்று. புலித்தலை பொருத்திய மோட்டார் வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். பிறர் பத்திரிகைக்கு விளம்பரக் கட்டணம் கொடுப்பதைவிடத் தாமே பத்திரிகை நடத்துவது மேல் என எண்ணினார் போலும். 1929-இல் சிங்கப்பூரிலும், 1939-இல் பினாங்கு லீத் தெருவிலும் அவர் நிறுவிய சீன நாளிதழ்களில் தைலத்தின் விளம்பரத்திற்குக் குறைவிருக்கவில்லை. பம்பாயில் இதற்கு இணையான செயலைக் காணலாம். 1893-இல் அமிர்தாஞ்சனத்தைத் தோற்றுவித்த காசிநாதுனி நாகேசுவர ராவ், 1908-இல் ஆந்திர பத்திரிகையைத் தொடங்கினார். தைலம் விற்ற காசில் நாட்டு விடுதலைக்குக் குரல் கொடுத்த இதழ் அது. சங்கீதக் கச்சேரிகளில் மஞ்சள் தைலத்தை இலவசமாக வழங்கி அதன் மணத்தை மக்கள் மூக்கில் பதியவைத்தவரும் அவரே.

கோடரித் தைலத்தின் கதை இன்னும் சுவையானது. 1928-இல் சிங்கப்பூரில் லியுங் யுன் சீ என்பவர், ஷ்மைட்லர் என்னும் ஜெர்மானிய மருத்துவரிடம் பெற்ற முறையில் ஒரு தைலம் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவனும் ஒருமுறை பார்த்தால் மறவாத பொருள் எது என்று தேடிக் கோடரியைத் தேர்ந்தார். நோவுக்கும் கோடரிக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. மலாயாவிலிருந்து ஊர் திரும்பிய தமிழர் பெட்டியில் அப்பச்சைத் தைலப் புட்டி தவறாது இடம்பெற்றது. இராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் அதன் பெயர் ‘கோடாலித் தைலம்’. தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் நூற்றில் ஒருவரும் சொல்லமாட்டார். ஆயினும் உறவினர் வருகிறார் என்றால் அத்தைலத்தை எதிர்பார்த்திருப்பர். அப்பற்று எந்த நிறுவனத்தின்பாலும் எழுந்ததன்று. கடல் கடந்து சென்ற மகனையும் தமையனையும் நினைவூட்டும் மணத்தின்பால் எழுந்தது.

பால் டப்பா

பினாங்கின் சாப்பு வரலாற்றில் மிக நீண்டதும் மிகத் துயரமானதும் டின் பாலின் கதையாகும். அமெரிக்கச் சகோதரர் இருவர் 1866-இல் சுவிட்சர்லாந்தின் காம் என்னும் ஊரில் ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் அதே நாட்டின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே என்பவர் குழந்தைகளுக்கான மாவுணவை விற்கலானார். ‘நெஸ்லே’ என்பது அவர் பிறந்த நாட்டு வழக்கில் சிறு கூட்டைக் குறிக்கும். குஞ்சுகளுக்கு இரையூட்டும் பறவையின் கூடே அவர் இட்ட குறி. அதை மாற்றி நாட்டுச் சிலுவையைப் போடலாமென விற்பனையாளர் ஒருவர் சொன்னபோது அவர் இணங்கவில்லை. சிலுவையை எவரும் போடலாம், குடும்பச் சின்னத்தை வேறெவரும் போட முடியாது என்பது அவர் கருத்து. சாப்பின் தத்துவத்தை இதனினும் தெளிவாக அறிந்திருந்த வணிகர் அக்காலத்தில் அரியர். இரு நிறுவனங்களும் 1905-இல் ஒன்றாயின. 1912-இல் ஆங்கிலோ-சுவிஸ் என்னும் பெயருடன் பினாங்கில் வாணிகம் தொடங்கின. 1939-இல் கோலாலம்பூருக்குப் பரவி, 1962-இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆலையே எழுந்தது.

டின் பால் மலாயாவில் வேரூன்றியதற்குக் காரணம் விளம்பரம் மட்டுமன்று. கறவை மாடு குறைவு. வெப்பத்தில் பால் சில நாழிகைக்குள் திரிந்துவிடும். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்ற குறை எங்கும் உண்டு. கெட்டிப்பாலிலோ ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை சேர்ந்திருப்பதால் எளிதில் கெடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, டப்பா மூடி ஒட்டியிருந்தது. கடைக்காரன் அதில் எதையும் கலக்க இயலாது. அதுவரை வாங்குபவனின் நம்பிக்கை கடைக்காரனைச் சார்ந்திருந்தது. மூடிய டப்பா அந்நம்பிக்கையை அவனிடமிருந்து பிரித்து, பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள ஆலைக்குக் கொண்டுசேர்த்தது. டப்பாவின்மேல் பாற்கலத்தைத் தலையிற் சுமந்த மங்கை ஒருத்தியின் படம். மலாய் மக்கள் அதனைச் ‘சாப் ஜுன்ஜுங்’ என்றனர். ‘ஜுன்ஜுங்’ என்றால் தலைமேற் சுமத்தல். ஜாவாவில் அவளே ‘சாப் நோனா’.

பால் தீர்ந்தபின்பும் டப்பா வீட்டை விட்டுப் போகவில்லை. காப்பிக்கடையில் அதில் கயிறு கோத்துக் காப்பி வாங்கிச் சென்றனர். வீட்டில் அரிசி அளந்தனர். படம் ஒவ்வொரு நாளும் கண்முன் நின்றது. எந்த விளம்பரப் பலகைக்கும் இவ்வாறு அடுக்களைக்குள் இடம் கிடைத்ததில்லை.

இந்த நம்பிக்கைதான் குழந்தைகளிடம் சென்று சேர்ந்தது. வேலைக்குச் செல்லும் தாய் தன் பால் போதவில்லை என எண்ணும்போது, மங்கையோ கரடியோ கூடோ பொறித்த டப்பா கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதில் சர்க்கரை மிகுதி. குழந்தை வளர்ச்சிக்கு வேண்டிய ஏ, டி வைட்டமின்கள் குறைவு. விலையோ ஏழைக்கு அதிகம். ஆகவே நாள் போக்குவதற்காகத் தண்ணீரை மேலும் மேலும் சேர்த்தனர். அத்தண்ணீரும் பெரும்பாலும் காய்ச்சாதது. வயிற்றுப்போக்கு, எலும்பு வலுவின்மை, பார்வையிழப்பு ஆகியவை தொடர்ந்தன.

இதைக் கண்டு பொறாதவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். 1893-இல் ஜமைக்காவில் பிறந்த மருத்துவர். ஆப்பிரிக்கப் பொற்கரையில் ‘குவாஷியோர்க்கர்’ என்னும் ஊட்டக்குறை நோயை உலகுக்கு எடுத்துக்காட்டியவர். 1936-இல் மலாயாப் பணிக்கு மாற்றப்பட்டார். பால் நிறுவனங்கள் செவிலியர் உடையணிந்த பெண்களை ஏழைக் குடியிருப்புகளுக்கு அனுப்பி, ஈன்ற தாய்மாரைத் தாய்ப்பாலினின்றும் டின் பாலுக்கு மாற்றுவதாக அவர் குற்றஞ்சாட்டினார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’. தவறான பிரசாரத்தால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையாகவே கருதவேண்டும் என்று வணிகர் நிறைந்த அவையில் சொன்னார். சில ஆண்டுகளில் போர் வந்தது. அம்மையார் ஜப்பானியரின் சாங்கிச் சிறையில் அடைபட்டார். போர் முடிந்தபின் டின் பால் மீண்டும் கடைக்கு வந்தது.

பினாங்கின் மறுமொழி

அந்நிறுவனம் மலாயாவில் முதற் காலடி வைத்த பினாங்கிலிருந்தே அதற்கு மறுமொழியும் எழுந்தது. 1969-இல் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோன்றியது. 1926-இல் தமிழ்நாட்டில் பிறந்து, பினாங்கில் வாணிகம் செய்த எஸ். எம். முகமது இத்ரீஸ் அதன் தலைவராக நெடுங்காலம் விளங்கி 2019-இல் மறைந்தார். தாமே வணிகராயிருந்தும் வாங்குவோர் பக்கம் நின்றவர் அவர். கெட்டிப்பால் குழந்தைக்கு ஆகாது என்பதையும், விளம்பரச் சொல்லை அப்படியே நம்பலாகாது என்பதையும் சங்கம் தமிழ் உட்படப் பல மொழிகளில் எடுத்துரைத்தது. உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்பும் தன் ஆசிய-பசிபிக் அலுவலகத்தைப் பினாங்கில் அமைத்தது. 1979-இல் தோன்றிய குழந்தை உணவுச் செயல் வலைப்பின்னலின் பணிகளிலும் அவ்வூர் நடுநாயகமாக இருந்தது. அம்மையாரின் பழைய உரையை 1986-இல் அச்சிட்டு வெளியிட்டதும் பினாங்கிலிருந்துதான்.

1981 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் வாணிகத்திற்கு விதித்தொகுப்பு ஒன்றை ஏற்றது. ஆதரித்த நாடுகள் 118. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. அதன் 9-ஆம் பிரிவு இவ்வரலாற்றுக்கு மிகவும் பொருந்துவது. குழந்தைப் பால்மாவு டப்பாவின்மேல் குழந்தையின் படமே கூடாது என்று அது விலக்குகிறது. சர்க்கரை சேர்த்த கெட்டிப்பாலைக் குழந்தைக்கேற்ப மாற்றுவது எப்படி என்னும் குறிப்பு அதன் சீட்டில் இருத்தல் ஆகாது என்றும் கூறுகிறது. மொழியறியாதவனுக்கு உதவிய படத்தின் வலிமையைச் சட்டம் முதன்முறையாக எதிர்ப்பக்கமிருந்து ஒப்புக்கொண்டது இதுவாகலாம். 1882-இல் யானைக்குக் காவலாக நின்ற அதே கருத்து, 1981-இல் படத்திற்கு வேலியாயிற்று.

வேலி எவ்வளவு உயரம் என்பது 2008-இல் தெரிந்தது. நெஸ்லேயுடன் 1971-இல் இணைந்த உர்சினா நிறுவனத்தின் பழைய கரடிச் சின்னம், லாவோஸ் நாட்டில் காப்பியில் கலக்கும் ஒரு பொருளின்மேல் அச்சிடப்பட்டு விற்கப்பட்டது. தாய்க்கரடி தன் குட்டியைப் பாலூட்டும் நிலையில் அணைத்திருக்கும் படம் அது. அதனைக் குழந்தை உணவென்றே எண்ணி ஊட்டிய தாய்மார் பலர் என்பதை மருத்துவர் குழு ஒன்று ஆராய்ந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டது. தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கலாகாது என்னும் எச்சரிக்கை அந்த டப்பாவின்மேல் அச்சிடப்பட்டே இருந்தது.